ஏழாவது அடையாளம்

பார்த்து ஏறுங்கள், தம்பி. ஏணியில் நாலாவது படி ஆடும். மொத்தம் பதினேழு படி, மற்ற பதினாறும் உறுதி. நாலாவதை மட்டும் மிதிக்காமல் தாண்டிவிட்டால் போதும். பத்தொன்பது வருஷமாக நான் அப்படித்தான் ஏறுகிறேன்.

மெஷினை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். என்னைக் கேட்டா வாங்கினார்கள்? அந்த மூலையில் வைத்தால் தொட்டியின் நிழல் விழாது. இந்த மூலையில் என் நாற்காலி இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். வெளிச்சம் வந்த பிறகுதான் உங்களுக்கு வேலை என்றீர்களே, அதற்கு இன்னும் இருபது நிமிஷம் ஆகும். இந்தாருங்கள், டீ. சர்க்கரை ஒன்றரைக் கரண்டி.

நான் பேசுகிறவன் இல்லை. என் வீட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் நீங்கள் சென்னையிலிருந்து வந்தவர், நாளன்றைக்கு பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். உங்களிடம் சொன்னால் அது உங்களோடு போய்விடும்.

இந்த மெஷின் ஏன் வந்தது என்று சொன்னார்களா? எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அதுவே அளந்து எழுதுமாம். அந்த வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர்க்காரர்கள் இந்த இடத்தைப் பிளேன் பொட்டல் என்பார்கள். யுத்த காலத்தில் போட்ட ரன்வே. பிறகு ஐம்பது வருஷம் இதில் ஆடு மேய்ந்தது, மிளகாய் காய்ந்தது. அப்புறம் விமானப் பயிற்சிப் பள்ளி வந்தது. கேப்டன் சுகவனம் வந்தார், பட்டாளத்தில் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். வாட்ச்மேனாகத்தான் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் மாதம் ரன்வேயில் ஆடு புகுந்துவிட்டது. விரட்டிவிட்டு வந்து கேப்டனிடம், "நாப்பத்திமூணு உள்ள வந்துச்சுங்க, நாப்பத்திரெண்டுதான் வெளிய போச்சு" என்றேன். அவர் சிரித்தார். தேடிப் பார்த்தால் ஆட்டுக்குட்டி ஒன்று விமானத்தின் இறக்கைக்கு அடியில் படுத்திருந்தது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அப்படியே விமானத்தின் முன்விசிறியைச் சுழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்றைக்கு சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு இந்த மாடி ஏறினார். "எண்ணுறதுல உமக்கு ஒரு குணம் இருக்கு பெரியவரே" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பெரியவர் என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த இரண்டு நாளும் ஜீப்பில் போய் மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஒன்பது அடையாளம் குறித்தோம். காற்றின் திசை காட்டுகிற காற்றுப்பைக் கம்பம் ஒன்று. பாலத்துச் சுவர் இரண்டு. ரைஸ் மில் புகைபோக்கி மூன்று. மாதா கோயில் சிலுவை நாலு. அங்கே பாருங்கள், வெளிச்சம் வரட்டும், எல்லாம் காட்டுகிறேன். மேற்கே மொட்டைப் பாறை, அது ஏழாவது. இந்த நாற்காலியிலிருந்து சரியாக ஐந்து கிலோமீட்டர் இருநூறு மீட்டர். எட்டாவது காற்றாலை. ஒன்பதாவது ஒரு மலை, மழை பெய்து ஓய்ந்த காலையில் மட்டும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் இருநூற்றுப் பதினாறு நாள் தெரிந்திருக்கிறது.

ஏழாவதுதான் முக்கியம். வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுகிற சின்ன விமானத்துக்கு ஐந்து கிலோமீட்டராவது தெரிய வேண்டும், அது சட்டம். விமானத்தைக் காற்று புரட்டாமலிருக்க ராத்திரி கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். ஏழு தெரிந்தால் கயிற்றை அவிழ்க்கலாம். ஆறு என்றால் கட்டியபடியே நிற்கட்டும். அவ்வளவுதான் விஷயம்.

தினமும் ஆறரைக்கு நான் இங்கே எண்ணிவிட்டு கீழே பார்ப்பேன். கேப்டன் வராந்தாவில் டீ டம்ளரோடு நிற்பார்.

"என்ன பெரியவரே, இன்னைக்கு உலகம் இருக்கா?"

"எட்டுங்க."

"எட்டா, பரவால்லயே."

உள்ளே போவார். பச்சை அட்டை போட்ட பெரிய புத்தகம், அதைத் திறந்து எழுதுவார். ஜன்னல் வழியாக இங்கிருந்து அவர் கை நகர்வது தெரியும். என் எட்டை எழுதுகிறார் என்று நினைப்பேன். அதைப் போய் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அது இங்கிலீஷ் புத்தகம். அதோடு, ஒரு மனிதர் எழுதுவதை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பிள்ளைகள் வருவார்கள், ஒன்றரை வருஷம் படிப்பார்கள், போவார்கள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் முன்னூற்று எட்டுப் பேர். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். ஒரு பிள்ளை மட்டும் கீழே நின்று நிமிர்ந்து கேட்கும். ஷமீமா என்று பேர். கடற்கரை ஊர், வாப்பா துபாயில் ஏசி மெக்கானிக். கூச்சமில்லாத பிள்ளை. விமானத்தண்டை போய் நின்று இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, "ஐயா, எத்தனை?" என்று கேட்கும். எனக்குக் கத்தத் தெரியாது. விரலைக் காட்டுவேன். ஏழு என்றால் இந்தக் கையில் ஐந்து, அந்தக் கையில் இரண்டு. அது சல்யூட் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கும். நான் விரலைக் காட்டாமல் ஒரு நாளும் அவிழ்த்ததில்லை. அதையும் எண்ணியிருக்கிறேன், நூற்று முப்பத்தொரு காலை.

டீ ஆறுகிறது பாருங்கள்.

போன மார்கழியில் நாலு நாள் தொடர்ந்து பனி மூடியது. முதல் நாள் மூன்று அடையாளம், அடுத்த நாள் இரண்டு, மறுபடி இரண்டு, நாலாம் நாள் ஐந்து. விமானம் ஒன்றும் எழும்பவில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்த வாரம் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டிய நேரம் பாக்கி இருந்தது. நாலாம் நாள் மாடிக்குக் கீழே வந்து நின்று, "ஐயா, நாளைக்காவது ஏழு காட்டுங்க. அஞ்சு காட்டினா ஏணிய எடுத்துட்டுப் போயிருவேன், மேலயே கெடங்க" என்றது. நான் சிரித்தேன். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

அன்றைக்கு மத்தியானம் காசிலிங்கம் வந்தான். என் வீட்டுக்காரியின் தம்பி. கரிமூட்டம் போடுகிறவன். பார்த்திருக்கிறீர்களா? வேலிக்கருவை மரத்தை வெட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு மூடி, மண் பூசித் தீ வைத்துவிட்டால் எட்டு ஒன்பது நாள் உள்ளுக்குள்ளேயே புகைந்து கரியாகும். முதல் இரண்டு நாள்தான் புகை. மொட்டைப் பாறைக்குப் போகிற வழியில் அவன் மூட்டம். இரண்டு வருஷம் முன்னால் புகை இங்கே வந்துவிட்டது என்று கேப்டன் நேரே போய் அவனைத் திட்டி, இன்னொரு தரம் வந்தால் தாசில்தாருக்கு எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அதிலிருந்து அவன் என்னைக் கேட்காமல் தீ வைக்க மாட்டான். அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்தவன்.

"அத்தான், காத்து எப்படி? வெட்டின மரம் மழையில நனைஞ்சு கெடக்கு, இன்னும் போட்டா கறையான் தின்னுரும்."

காற்றுப்பையைப் பார்த்தேன். நல்ல வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. புகையைத் தெற்கே தள்ளிக்கொண்டு போய்விடும்.

"வையி" என்றேன்.

அது ஒரு பேச்சு, தம்பி. அவன் கேட்டான், நான் சொன்னேன். அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது மறுநாள் காலை.

மறுநாள் பனி இல்லை. ஏறி உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, சிலுவை, செல்போன் கோபுரம், கண்மாய் மடை. ஆறும் துடைத்து வைத்ததுபோல இருந்தது. மேற்கே திரும்பினேன். பாறை இருக்கிற இடத்தில் வெள்ளையாகக் கிடந்தது. ஈர மரம் இல்லையா, புகை எழும்பாமல் தரையோடு படுத்திருந்தது. அது பனி அல்ல, புகை என்று எனக்குத் தெரியும். யாருடைய புகை என்றும் தெரியும். வெயில் வந்தால் எழும்பிவிடும் என்றும் தெரியும். பாறை எங்கே போகும்? அங்கேதான் இருக்கிறது. நான் பாறையை எண்ணினேன், புகையை எண்ணவில்லை.

"என்ன பெரியவரே, உலகம் இருக்கா?"

"ஏழுங்க."

பத்தொன்பது வருஷத்தில் அந்த ஒரு நாள். ஆறு என்றால் ஏன் என்று கேட்பார், மேற்கே திரும்பிப் பார்ப்பார், மூட்டம் தெரிந்துவிடும். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை நாலு நாளாகக் காத்துக்கிடந்தது, அதற்காகத்தான் சொன்னேன். அது வந்து நின்று, "ஐயா, எத்தனை?" என்று கேட்டது. இந்தக் கையில் ஐந்து, அந்தக் கையில் இரண்டு. சல்யூட் வைத்தது. கயிற்றை அவிழ்த்தது.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு எழும்பியது. தனியாக மூன்று சுற்று. சுற்றி வந்து இறங்கி, நிற்காமல் மறுபடி எழும்ப வேண்டும். முதல் சுற்று பூப்போல. இரண்டாவதும் நன்றாகத்தான் இறங்கியது. அதற்குள் வாடை செத்துவிட்டது. காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. பிறகு மேற்கேயிருந்து மெல்லக் காற்று வந்தது, முகத்தில் தெரியாத அளவு. அதோடு புகையும் வந்தது. ஓடி வரவில்லை, தம்பி. பால் கொட்டினால் தரையில் பரவுமே, அப்படி. பாலம் போயிற்று. மில் போயிற்று. ரன்வேயின் மேற்கு முனை போயிற்று. அந்த முனையில்தான் அது இறங்க வேண்டும், எதிரே சூரியன்.

ஒரு விஷயம் சொல்கிறேன். கேப்டன் வகுப்பில் சொல்வதை ஜன்னலோரம் நின்று நான் கேட்டிருக்கிறேன். உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் புகைக்குள்ளும் ரன்வே தெரியும். ஏன் என்றால் புகை கனமில்லாமல் படுத்திருக்கிறது. இறங்கும்போது சாய்வாகப் பார்க்க வேண்டும், அப்போது அதே புகை மைல்கணக்கில் நீண்டுவிடும். ஒன்றும் தெரியாது. மேலே தெரிந்ததை நம்பி இறங்கினவர்கள் பலர் தரையில் போய்க் குத்தியிருக்கிறார்கள் என்பார். காதால் கேட்டதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

அது இறங்கி வருகிற சத்தம் கேட்டது, விமானம் தெரியவில்லை. கேப்டன் வராந்தாவிலிருந்து வாக்கிடாக்கியோடு வெளியே ஓடி வந்தார்.

"ஷமீமா, ரன்வே தெரியுதா?"

"இல்ல சார். இப்ப தெரிஞ்சுது, இப்ப இல்ல."

"தேடாத. மூக்கத் தூக்கு. முழு வேகம் குடு. மேல போ."

விமானம் இந்த மாடிக்கு மேலே போயிற்று. நாற்பது அடி இருக்கும். நான் குனிந்துவிட்டேன். சக்கரத்தைக்கூடப் பார்க்கவில்லை, சத்தம்தான் முதுகில் விழுந்தது.

பிறகு வாக்கிடாக்கியில் அதன் குரல் மாறிவிட்டது. "சார், எல்லாம் வெள்ளையா இருக்கு. நான் நேரா போறேனா?"

விமானத்துக்குள்ளே ஆறு கடிகாரம் இருக்கும். மணி காட்டுகிறது இல்லை. ஒன்று உயரம் காட்டும், ஒன்று வேகம் காட்டும். ஒன்றில் சின்னதாக ஒரு விமானப் படம் இருக்கும், மேலே நீலம், கீழே பழுப்பு. வெளியே ஒன்றும் தெரியாதபோது அதைத்தான் பார்க்க வேண்டும். நேராக உட்கார்ந்திருப்பதாகவே உடம்புக்குத் தோன்றுமாம், விமானம் சாய்ந்துகொண்டே போகுமாம்.

"வெளிய பாக்காத. உனக்கு எப்படித் தோணுதுங்கிறது வேண்டாம். படம் என்ன சொல்லுது?"

"எடது பக்கம் சாஞ்சிருக்கு சார்."

"மெல்ல நேராக்கு. வேற எதையும் தொடாத. உயரம் ஏறுதா?"

"ஏறுது."

"அத மட்டும் சொல்லிக்கிட்டே இரு."

அது எண்ணைச் சொல்லிக்கொண்டே போயிற்று. நானூறு, ஐந்நூறு, அறுநூறு. எண்ணிக்கொண்டே மேலே போயிற்று, தம்பி. ஆயிரத்து இருநூறு அடியில், "சூரியன் சார்" என்றது. கேப்டன் வாக்கிடாக்கியை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்.

பெட்ரோல் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு இருந்தது. கண்மாய்ப் பக்கம் புகை இல்லை, அதற்கு மேலே சுற்றிக்கொண்டிரு என்றார். பெரிய ஏர்போர்ட் நாற்பது நிமிஷ தூரம். அது தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. காத்திருக்கலாம், வெயில் ஏறினால் புகை எழும்பும் என்று முடிவு செய்தார். சரியான முடிவுதான்.

நான் என் வேலையைச் செய்தேன். எழுந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றுதான் தெரிந்தது. பிறகு இரண்டு. ஏழு நாற்பதுக்கு மூன்று. "மூணு" என்று கீழே சொன்னேன். கேப்டன் நிமிரவில்லை, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நாற்பத்தாறுக்கு நாலு, சிலுவை மங்கலாக. "நாலுதாங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கத்தினேன் என்று பிறகுதான் தெரிந்தது.

"ஷமீமா, ரன்வே தெரியுதா?"

"நல்லா தெரியுது சார். முழுசா."

மேலேயிருந்து பார்க்கிறது, தெரியத்தானே செய்யும். "நாலுதான், இன்னும் நாலுதான்" என்றேன். கேப்டன் என் பக்கம் கையை வீசினார். காக்கையை விரட்டுவது போல. அந்தக் கையை நான் மறக்க மாட்டேன். பாடம் சொல்கிறவர் அவர், பதற்றத்தில் தன் பாடத்தையே மறந்துவிட்டார்.

ஷமீமாவை இறங்கச் சொல்லிவிட்டு, ஜீப்பை ரன்வே முனையில் நிறுத்தி விளக்கைப் போடச் சொன்னார். அது வந்தது. விளக்கைப் பார்த்திருக்கிறது, ஆனால் தாமதமாகப் பார்த்திருக்கிறது. பாதி ரன்வே தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. மிச்சம் போதவில்லை. கிழக்கு முனையைத் தாண்டி வேலிக்கருவைக்குள் போய் நின்றது. முன்சக்கரம் ஒடிந்து, விசிறி வளைந்து.

பதினேழு படியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நாலாவதை மிதித்துவிட்டேன். ஓடினேன். கேப்டனுக்கு முன்னால் போனது நான்தான். கதவு திறந்திருந்தது. அந்தப் பிள்ளை இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நெற்றியில் ரத்தம். பதினோரு தையல் பிறகு. என்னைப் பார்த்தது. அழவில்லை.

"ஏழுன்னீங்களேய்யா" என்றது.

அவ்வளவுதான் சொன்னது.

பன்னிரண்டு நாள் கழித்து விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். வெளியூர் அதிகாரிகள், வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். நான் அந்தப் பன்னிரண்டு நாளும் ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். எனக்குப் பேச்சு வராது, அதனால். வேஷ்டி துவைத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"எண்ணுற வேலைங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு ஆறுதான் தெரிஞ்சுது. நான் ஏழுன்னு சொன்னேன். தப்பு என்னுது."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்ன செய்தாலும் செய்யட்டும் என்று.

இருவரில் சின்னவர் அந்தப் பச்சைப் புத்தகத்தைப் புரட்டினார். "ஏழு எதுங்கய்யா? இதுல ஆறாயிரம் மீட்டர்னு இருக்கு. பெரிய ஏர்போர்ட்டோட அறிக்கையப் பாத்து எழுதினது."

"நான் சொன்னது எங்க இருக்கு?"

"நீங்க சொன்னது இதுல எங்கயும் இல்லையே."

"பத்தொன்பது வருஷமா சொல்றேங்க."

நல்ல மனிதர், தம்பி. அலமாரியிலிருந்து பழைய புத்தகத்தையெல்லாம் எடுத்துவரச் சொல்லிப் புரட்டிக் காட்டினார். எண் எனக்கு எந்த பாஷையிலும் தெரியும். ஒன்பது அடையாளமும் தெரிந்த நாள் ஒன்றைச் சொன்னேன், ஆறாயிரம். ஏழு மட்டும் தெரிந்த நாள், ஆறாயிரம். ஒன்பதுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாத புத்தகம். ஆரம்பத்தில் போன் போட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார், பிறகு கைபேசியைப் பார்த்து எழுதியிருக்கிறார். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்ததை. நான் இங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க, அவர் கீழே உட்கார்ந்து வேறு ஊரை எழுதியிருக்கிறார்.

மூத்த அதிகாரி சம்பளப் பட்டியலைப் பார்த்தார். "மாசிலாமணி. தோட்டக்காரர்னு போட்டிருக்கே?"

இந்தப் பொட்டலில் ஒரு செடி காட்டுங்கள், தம்பி. ஒரே ஒரு செடி.

"உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்கய்யா, நீங்க கவலைப்படாம போங்க" என்றார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். குற்றவாளி என்றாவது எழுதியிருக்கலாம். மாசிலாமணி தப்பாக எண்ணினான் என்று ஒரு வரி. அப்போது எண்ணினேன் என்றாவது ஆகியிருக்கும் அல்லவா?

புகை எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டார்களா என்றால், கேட்கவில்லை. அறிக்கையில் திடீர்ப் புகை, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறதாம். கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்? தோட்டக்காரனுக்குப் புகையைப் பற்றி என்ன தெரியும்?

கேப்டனிடம் போய் நின்றேன். பத்தொன்பது வருஷத்தில் எண்ணைத் தவிர அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி. "ஏங்க, நான் சொன்னத எழுதவே இல்லையா?"

ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றார். மனிதர் இளைத்துப்போயிருந்தார், எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. "மொத வருஷம் எழுதினேன் பெரியவரே, அந்தப் புத்தகம் இப்ப இல்ல. அப்புறம் அத்தாட்சி உள்ள அறிக்கைதான் செல்லும்னு உத்தரவு வந்துருச்சு. உங்கள நிறுத்த மனசு வரல. நீங்க மாடியில உக்காந்திருந்தாத்தான் பசங்களுக்கு காலையில ஒரு ஒழுங்கு."

"அப்ப உலகம் இருக்கான்னு கேட்டது?"

"அது..." என்றார். "அது ஒரு வணக்கம் மாதிரி."

பதினெட்டு வருஷம், தம்பி. லீவு நாள் கழித்து ஐயாயிரத்து நானூற்றுப் பத்து காலை. நான் எண் சொன்னேன், அவர் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, அவராவது பெரிய இடத்து மனிதர். அந்தப் பிள்ளையைச் சொல்லுங்கள். அது என் விரலைப் பார்த்துத்தானே கயிற்றை அவிழ்த்தது? அதன் வாக்குமூலத்தை வகுப்பறையில் வாசித்தார்கள், நான் வராந்தாவில் நின்று கேட்டேன். கேப்டன் பறக்கலாம் என்றார், பறந்தேன் என்றுதான் இருந்தது. மாடி இல்லை, ஐயா இல்லை, விரல் இல்லை. என் முகத்துக்கு நேரே சொன்னதை அவர்களிடம் சொல்லவில்லை.

ஆறு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அதன் வீட்டுக்கே போனேன். கையில் மாவுக்கட்டு. அதன் உம்மா டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள்.

"ஏம்மா என்னைச் சொல்லல?"

"உங்கள எதுக்குய்யா சொல்லணும்? வேலை போயிரும்ல."

"எண்ணினது நான்தான?"

"சொல்லியிருந்தா, ஏன் ஏழுன்னீங்கன்னு கேப்பாங்க. அத நானே உங்ககிட்ட கேக்கலையேய்யா" என்றது.

நான் டீயைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது வாசல் வரை வந்தது. "இனிமே மேல ஏறி நானே பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன்" என்றது. சிரித்துக்கொண்டேதான் சொன்னது. நூற்று முப்பத்தொரு காலை என் விரலை நம்பின பிள்ளை. ஒரே ஒரு நாளுக்காக அத்தனையையும் கழித்துவிட்டது. சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

யார் யாரை நம்புவது, நீங்களே சொல்லுங்கள். இப்போது என் வார்த்தையைக் கேட்கிறவன் காசிலிங்கம் ஒருவன்தான். நேற்று சாயங்காலம்கூட வந்தான். "அத்தான், காத்து எப்படி?" என்று கேட்டான். வாடை நன்றாக இருந்தது. வையி என்றேன்.

வெளிச்சம் வந்துவிட்டது பாருங்கள். கம்பம், பாலத்துச் சுவர், மில், சிலுவை. மேற்கே வெள்ளையாகத் தெரிகிறதே, அதைத்தான் பார்க்கிறீர்களா? அது ஒன்றும் இல்லை, தம்பி. பாறை அதற்குப் பின்னால் அங்கேதான் இருக்கிறது. காற்றுப்பை இப்போது தொங்குகிறதுதான். ஏழு மணிக்கு மேல் வாடை எழும்பும். எட்டு மணிக்குள் புகை போய்விடும்.

கீழே கயிற்றுப் பக்கம் போகிறது பாருங்கள், அதுதான் ஷமீமா. போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவை தனியாக எடுக்கப் போகிறது. நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தீர்களா? எத்தனை என்று கேட்கவில்லை. கயிற்றில் கை வைக்காமல் இந்தப் பக்கம்தான் வருகிறது.

நீங்கள் அந்த மேற்குப் பக்கம் கொஞ்சம் மறைத்தாற்போல நின்றுகொள்ளுங்கள், தம்பி. உங்கள் பெட்டியையும் அங்கே வையுங்கள். அது ஏதாவது கேட்டால் ஊருக்குப் புதிது, ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. கேட்டதா? நாலாவதை மிதித்துவிட்டது.